வரி கட்டாமல் பஞ்சு இறக்கலாம். ஆனால் கணக்கு தப்பினால்?

வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் 11 சதவீத இறக்குமதி வரி வந்தது. மில்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால் 2022-ல் ஏப்ரல் 14 முதல் அக்டோபர் இறுதி வரை அந்த வரி விலக்கப்பட்டது. அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்ட 2025-ல், ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை மறுபடியும் விலக்கு கிடைத்தது. மில்கள் வரவேற்றன. உள்ளூர்ப் பஞ்சு விலை சரியும் என்று விவசாயிகள் அமைப்புகள் எதிர்த்தன.

ஆனால் விலக்கு இல்லாத மாதங்களிலும் வரி கட்டாமல் பஞ்சு இறக்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் அட்வான்ஸ் ஆதரைசேஷன். பழைய ஆட்கள் இன்னும் ‘அட்வான்ஸ் லைசென்ஸ்’ என்றே சொல்வார்கள்.

இது என்ன அனுமதி?

மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.எஃப்.டி., இதைக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் அதன் அலுவலகங்கள் உள்ளன.

விஷயம் எளிமையானது. ஏற்றுமதி செய்யப்போகும் பொருளுக்குத் தேவையான மூலப்பொருளை வரியில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி. இரண்டும் விலக்கு. பதிலுக்கு, குறிப்பிட்ட காலத்துக்குள் இவ்வளவு பொருளை ஏற்றுமதி செய்வேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். சரக்கை வெளியே எடுக்கும் முன் சுங்கத்துறையிடம் பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நிறுவனத்தைப் பொறுத்து வங்கி உத்தரவாதமும் கேட்பார்கள்.

‘வரி தள்ளுபடி’ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அரசு வரியை நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஏற்றுமதி முடிந்து கணக்கு மூடும் வரை அது தலைமேல் இருக்கும் கடன்.

எவ்வளவு இறக்கலாம்?

இஷ்டத்துக்கு இறக்க முடியாது. ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு பஞ்சு, கழிவு எவ்வளவு போகும் என்று ஆயிரக்கணக்கான பொருட்களுக்கு அரசே அளவு நிர்ணயித்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத பொருள் என்றால், தேவையான அளவை நிறுவனமே சொல்லி விண்ணப்பிக்கலாம். பிறகு நெறிமுறைக் குழு அதைச் சரிபார்க்கும். குழு அளவைக் குறைத்துவிட்டால், கூடுதலாக இறக்கியதற்கு வட்டியோடு வரி கட்ட வேண்டும்.

இன்னொரு நிபந்தனை, மதிப்புக் கூட்டல். பெரும்பாலான பொருட்களுக்கு இது குறைந்தது 15 சதவீதம். 100 ரூபாய்க்கு இறக்கினால், 115 ரூபாய்க்காவது ஏற்றுமதி ஆக வேண்டும்.

வாங்கிய பஞ்சை வேறு மில்லுக்கு விற்கவும் கூடாது. ஏற்றுமதிக் கடமை முடிந்த பிறகும் அந்தத் தடை நீங்காது. மிச்சப் பஞ்சைச் சொந்தமாக நூற்று, அந்த நூலை உள்ளூரில் விற்கலாம்.

கெடு எவ்வளவு?

பொதுவாக, அனுமதி கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் இறக்குமதி, 18 மாதத்துக்குள் ஏற்றுமதி. கட்டணம் கட்டி நீட்டிப்புக் கேட்கலாம். தானாகக் கிடைக்காது, நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

தவறினால் எவ்வளவு போகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில் 1 கோடி ரூபாய்க்குப் பஞ்சு இறக்குகிறது. 11 சதவீதம் என்றால் மிச்சமாகும் சுங்க வரி 11 லட்சம். வெளிநாட்டு ஆர்டர் ரத்தாகி, எதுவுமே ஏற்றுமதி ஆகவில்லை. அந்த 11 லட்சத்தையும் இறக்கிய நாளிலிருந்து ஆண்டுக்கு 15 சதவீத வட்டியோடு கட்ட வேண்டும். இரண்டு ஆண்டு ஓடிவிட்டால் வட்டி மட்டும் 3.30 லட்சம், ஆக மொத்தம் 14.30 லட்சம். விலக்குப் பெற்ற ஐ.ஜி.எஸ்.டி. தனி. பாதி ஏற்றுமதி ஆகியிருந்தால், மீதிக்கு மட்டும் கட்டினால் போதும்.

இப்படிச் சிக்கியவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. அதனால்தான் 2023-ல் அரசே ஒரு பொதுமன்னிப்புத் திட்டம் கொண்டுவந்தது. விலக்குப் பெற்ற வரிக்கு மேல் வட்டி போகாது என்று அதில் உச்சவரம்பு வைத்தார்கள். வட்டி அசலைத் தாண்டிப்போன கணக்குகள் இருந்தன என்பதுதான் இதற்கு அர்த்தம்.

ஏற்றுமதி செய்தும் மாட்டுவது எப்படி?

வேதனையான இடம் இதுதான். சரக்கு போயிருக்கும், பணமும் வந்திருக்கும். ஆனால் ஷிப்பிங் பில்லில் அனுமதி எண்ணைக் குறிப்பிட விட்டிருப்பார்கள். அந்த ஏற்றுமதி இந்தக் கணக்கில் சேராமல் போகலாம். வங்கி தரும் பணவரவுச் சான்றுக்கும் பில்லுக்கும் தொகை ஒத்துப்போகாமல் இருந்தாலும் சிக்கல்தான்.

விதி மாறுவதும் உண்டு. ஐ.ஜி.எஸ்.டி. விலக்கு வேண்டுமென்றால் முதலில் இறக்குமதி, பிறகுதான் ஏற்றுமதி என்ற நிபந்தனை 2017 அக்டோபர் 13 முதல் 2019 ஜனவரி 10 வரை இருந்தது. கையிருப்புச் சரக்கை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு மூலப்பொருளை இறக்கியவர்களுக்கு வரி நோட்டீஸ் வந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் நிறுவனங்கள் பக்கம் நின்றது. ஆனால் 2023 ஏப்ரல் 28 அன்று காஸ்மோ ஃபிலிம்ஸ் வழக்கில் அந்த நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரியைக் கட்டிவிட்டு இன்புட் கிரெடிட்டாகவோ ரீஃபண்டாகவோ கோரலாம் என்றது.

யாருக்குப் பயன்?

நேரடியாக ஏற்றுமதி செய்பவர்களுக்கு. திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு நூல் கொடுக்கும் மில்லும், அவர் பெற்ற அனுமதியின் பேரில், இடைநிலை சப்ளை என்ற வகையில் வரியில்லாமல் பஞ்சு இறக்கலாம். உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் நூல் விற்கும் சிறிய மில்லுக்கு இந்த வாசல் கிடையாது. அதனால்தான் எல்லாருக்குமான வரி விலக்கை மில்கள் தொடர்ந்து கேட்கின்றன.

கடைசி வேலை

ஏற்றுமதி முடிந்ததும் ஆவணங்களை டி.ஜி.எஃப்.டி.யிடம் கொடுத்து, கடமை முடிந்ததற்கான சான்றிதழ் வாங்க வேண்டும். அதைக் காட்டித்தான் சுங்கத்துறையில் பாண்டை ரத்து செய்ய முடியும். ‘சரக்குதான் போயிடுச்சே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று இதை விட்டுவிட்டால், சில ஆண்டு கழித்து நோட்டீஸ் வரும். அப்போது பழைய பில்லைத் தேட வேண்டியிருக்கும். அதைப் போட்ட கணக்காளர் வேலையை விட்டே போயிருப்பார். அனுமதி வாங்கும் அன்றே இரண்டு கெடு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவைப்பது, கட்டப்போகும் வட்டியைவிட மலிவு.