கணையம் சொல்லும் சேதி, காலில் தெரியும் கட்டி

இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும் கணையத்தின் நீளம் ஒரு சாண் கூட இல்லை. எடை ஏறக்குறைய 100 கிராம். ஆனால் அது ஒரு நாளில் சுரக்கும் செரிமான நீரோ ஒரு லிட்டருக்கும் மேல்! இங்கே கோளாறு என்றால் வயிறுதான் வலிக்கும் என்று நினைப்போம். அபூர்வமாகச் சிலருக்கு முதல் அறிகுறி முழங்காலுக்குக் கீழே தோன்றுகிறது.

தொட்டால் வலிக்கும் செந்நிறக் கட்டிகள் அவை. சில உடைந்து, பழுப்பு நிறத்தில் எண்ணெய் போலக் கசியும். அது சீழ் அல்ல, கரைந்த கொழுப்பு. 1883-இல் ஹான்ஸ் கியாரி முதலில் விவரித்த இந்தக் 'கொழுப்புத் திசு அழற்சி', கணைய நோயாளிகள் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கே வருகிறது.

கொழுப்பைச் செரிக்கக் கணையம் தயாரிக்கும் நொதி லைப்பேஸ். அது குழாய் வழியே குடலுக்குப் போக வேண்டும். கணையம் வீங்கினாலோ, அதில் சில வகைப் புற்றுநோய் வந்தாலோ, நொதி ரத்தத்தில் கலந்துவிடும். காலை எட்டியதும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பைச் சாப்பாடு என்று எண்ணிச் செரிக்கத் தொடங்கிவிடும்!

உடைந்த கொழுப்பிலிருந்து வரும் அமிலங்கள் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொள்கின்றன. சோப்பு உருவாவதும் இதே வகை வேதிவினையால்தான். அந்த இடத்தில் துளித் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கரு மறைந்து வெளிக்கோடு மட்டும் எஞ்சிய 'ஆவிச் செல்கள்' தெரியும். இவற்றைக் கண்டதும் மருத்துவரின் சந்தேகம் கணையத்தின் மீது திரும்பும். வயிற்றில் எந்தத் தொந்தரவும் தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே இது நடக்கலாம்.

கணையம் நொதியோடு ஹார்மோன்களையும் சுரக்கிறது. ரத்தச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் அவற்றில் ஒன்று. அதை ஓயாமல் சுரக்கும் அரிய கட்டியின் பெயர் குளுக்ககானோமா. இந்நோயில் தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் வாயைச் சுற்றியும் செந்தடிப்புகள் தோன்றும். ஓரிடத்தில் ஆறி வேறிடத்தில் கிளம்பும். படை என்று களிம்பு தடவியே காலம் கடந்துவிடுவதும் உண்டு.

தோலுக்கு ஏன் இந்தப் பாடு? மிகுதியான குளுக்ககானின் தூண்டுதலால் கல்லீரல், ரத்தத்திலுள்ள அமினோ அமிலங்களை எடுத்துச் சர்க்கரையாக மாற்றித் தள்ளுகிறது. அமினோ அமிலங்கள் புரதத்தின் கட்டுமானப் பொருள்கள். அவை குறைந்தால், தன்னை ஓயாது புதுப்பிக்கும் தோல் பட்டினி கிடக்கும். நரம்பு வழியே அமினோ அமிலங்களை ஏற்றியபோது, கட்டி உள்ளே இருக்கும்போதே சிலருக்குத் தடிப்பு ஆறியிருக்கிறது!

தடிப்புகளில் பெரும்பாலானவை சாதாரணமானவையே. ஆனால் களிம்புக்கு மசியாத தடிப்போடு எடைக் குறைவும் புதிதாகச் சர்க்கரை நோயும் சேர்ந்து வந்தால், தோல் மருத்துவர் வயிற்றுக்கும் ஸ்கேன் எழுதித் தருவார்.