ஈகோ என்றால் திமிர் அல்ல!

"அவளுக்கு ரொம்ப ஈகோ. அதான் ஒரு போன்கூடப் பண்ண மாட்டேங்கறா."

"எங்க வீட்டுக்காரருக்கு ஈகோ தடுக்குது. தப்புன்னு தெரிஞ்சாலும் ஒத்துக்க மாட்டார்."

இப்படி நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். ஈகோ என்றால் திமிர், வீம்பு, தலைக்கனம் என்றே நமக்குப் பழகிவிட்டது. ஆனால், அந்தச் சொல்லைப் பிரபலப்படுத்திய உளப்பகுப்பு இயலில் அதற்கு அர்த்தமே வேறு. அங்கே ஈகோ என்பது பாவம், நாள் பூராவும் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டு திண்டாடும் ஒரு ஜீவன்! இதைப் புரிந்துகொண்டால் குழந்தையின் அடமும் நம்முடைய கோபமும் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

மூன்று எஜமானர்கள்

வியன்னா நகரத்து டாக்டர் ஸிக்மண்ட் பிராய்டு (1856-1939), மனம் ஒன்றே ஆனாலும் அதற்குள் பல குரல்கள் பேசுகின்றன என்றார். 1923-ல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய சிறு புத்தகத்தின் பெயரே 'நானும் அதுவும்' என்பதுதான். எல்லோரும் பேசும் சாதாரண வார்த்தைகள். ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் 'நான்' என்பது ஈகோ ஆயிற்று. 'அது' என்பது இட் ஆயிற்று. 'மேல்நான்' என்பது சூப்பர் ஈகோ ஆயிற்று.

ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். ஏழு வயசுப் பையன் பள்ளி விட்டு வருகிறான். அலமாரியில் முறுக்கு டப்பா. "இப்பவே எடு, எல்லாத்தையும் தின்னு" என்கிறது ஒரு குரல். இது 'அது'. அதற்குப் பொறுமை கிடையாது. நாளை என்பதும் தெரியாது. "திருடித் தின்னா தப்பு, நீ கெட்ட பையன்" என்கிறது இன்னொரு குரல். இது 'மேல்நான்'. அம்மாவும் அப்பாவும் சொன்ன சொற்கள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் இல்லாத நேரத்திலும் பேசுகின்றன. இரண்டுக்கும் நடுவில் 'நான்' யோசிக்கிறது: "டப்பா உயரத்துல இருக்கு. ஏறினா விழுவேன். அம்மா வந்ததும் ரெண்டு கேட்டு வாங்கிக்கலாம்."

வெளி உலகம், உள்ளிருக்கும் ஆசை, உள்ளிருக்கும் கண்டிப்பு ஆகிய மூன்று கடுமையான எஜமானர்களுக்கும் ஒரே நேரத்தில் ஊழியம் செய்கிறது 'நான்' என்று பிராய்டு பின்னாளில் எழுதினார். கூட்டுக் குடும்பத்து மருமகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா என்ன? மாமியார், கணவர், குழந்தை என்று மூன்று பக்கமும் கூப்பிட, யார் மனமும் கோணாமல் அடுப்பையும் பார்த்துக்கொள்கிறாளே, அவள் வேலைதான் ஈகோவின் வேலை!

மகள் எழுதிய புத்தகம்

இந்த 'நான்' தாங்க முடியாத பயமும் கவலையும் வரும்போது என்ன செய்கிறது? இதை விளக்கமாக எழுதியவர் பிராய்டின் கடைசிப் பெண் அன்னா பிராய்டு (1895-1982). முதலில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 'நான்' தன்னைக் காத்துக்கொள்ளக் கையாளும் உபாயங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1936-ல் வெளிவந்தது. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சொன்ன உபாயங்களில் சில நம் வீட்டிலேயே தினமும் நடப்பவை.

*பின்னுக்குப் போதல்:* தம்பிப் பாப்பா பிறந்ததும் நாலு வயசு அக்கா மறுபடி படுக்கையை நனைக்கிறாள். "எனக்கும் பால் புட்டி வேணும்" என்கிறாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. பாப்பாவாக இருந்த காலத்தில் அம்மா முழுசாகத் தனக்கே இருந்தாள் என்று அவள் மனசு நினைக்கிறது.

*இடம் மாற்றுதல்:* கணவரிடம் காட்ட முடியாத கோபம் பாத்திரத்தின் மேல் விழுகிறது. பல வீடுகளில் பாத்திரத்தோடு நிற்பதில்லை. குழந்தையின் முதுகிலும் விழுகிறது.

*பிறர் மேல் ஏற்றுதல்:* நமக்கு ஓரகத்தியைப் பிடிக்கவில்லை. அதை ஒத்துக்கொள்ள மனசு கூசுகிறது. உடனே "அவளுக்குத்தான் என்னைக் கண்டா ஆகலை" என்று தோன்றுகிறது.

*பயமுறுத்துபவராகவே மாறுதல்:* டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்த குழந்தை, வீட்டுக்கு வந்ததும் பொம்மைக்கு ஊசி போடுகிறது. இருட்டான கூடத்தைத் தாண்டப் பயந்த ஒரு சிறுமியைப் பற்றி அன்னா எழுதியிருக்கிறார். அவள் தன் தம்பிக்குச் சொன்ன யோசனை: "பயப்படாதே, எதிரே வரக்கூடிய பேய் நீதான்னு நினைச்சுக்கோ!"

இவையெல்லாம் நோய் அல்ல. எல்லா மனிதர்களும் செய்வதுதான். ஒரே உபாயத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கை முழுக்கத் தொங்கும்போதுதான் சிக்கல்.

குண்டுகளுக்கு நடுவே

நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1938-ல் பிராய்டு குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அன்னாவும் அவர் தோழி டோரதி பர்லிங்ஹாமும் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகங்களை நடத்தினார்கள். அங்கே அவர்கள் கண்டது பலரை யோசிக்க வைத்தது. அம்மா பக்கத்தில் நிதானமாக இருந்தால் குழந்தைகள் குண்டுச் சத்தத்தைக்கூட ஓரளவு தாங்கிக்கொண்டார்கள். பத்திரமான இடமாக இருந்தாலும், அம்மாவைத் திடீரென்று பிரிந்ததைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. நன்றாகப் பழகியிருந்த குழந்தைகள் திரும்பப் படுக்கையை நனைத்தார்கள்.

ஆகவே குழந்தைகளைச் சிறு சிறு 'குடும்பங்களாக'ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணைத் தாய் போலப் பொறுப்பாக்கினார்கள். பெற்ற தாய்மார்களையும் அடிக்கடி வந்து பார்க்கச் சொன்னார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

1. திரும்பவும் படுக்கையை நனைக்கும் குழந்தையை "இவ்வளவு பெரிசா வளர்ந்துட்டு, வெட்கமா இல்லே?" என்று நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். சிறுநீர்த் தொற்று போன்ற உடல் காரணம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால், தினம் கால் மணி நேரமாவது பாப்பாவைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு அவளோடு மட்டும் இருங்கள்.

2. "தம்பியைப் பிடிக்கலை" என்று குழந்தை சொன்னால் "சீ, அப்படிச் சொல்லாதே" என்று வாயை அடைக்காதீர்கள். "கோபமா இருக்கா? சரி. ஆனா அடிக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். ஆசைக்கும் செயலுக்கும் நடுவில் நிற்கக் கற்றுக்கொள்வதுதான் 'நான்' வளருவது.

3. ஊருக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால் குழந்தைக்குத் தெரியாமல் நழுவாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போங்கள்.

4. கை ஓங்கும்போது ஒரு விநாடி கேளுங்கள்: "இந்தக் கோபம் இவன் மேலயா, வேறு யார் மேலயா?" பாதி நேரம் கை தானாக இறங்கிவிடும்.

உங்கள் மேல்நானுக்கும் ஒரு வார்த்தை

"நான் நல்ல அம்மாவே இல்லை" என்று இரவில் தலையணையை நனைக்கும் தாய்மார்கள் பலர். உள்ளே இருக்கும் கண்டிப்புக் குரல் அளவுக்கு மீறினால் அதுவும் கொடுமைதான். இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாளராகவும் இருந்த டொனால்டு வினிகாட் (1896-1971) வானொலியில் தாய்மார்களுக்காகவே பேசி வந்தார். குறையே இல்லாத தாய் குழந்தைக்குத் தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல தாய் இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. அம்மா சில சமயம் தாமதிப்பதால்தான் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகக் காத்திருக்கப் பழகுகிறது.

பிராய்டு சொன்ன எல்லாவற்றையும் இன்றைய மனோதத்துவ நிபுணர்கள் ஏற்பதில்லை. சோதித்து நிரூபிக்க முடியாதவை பல என்கிறார்கள். பெண்களைப் பற்றிய அவர் அபிப்பிராயங்களுக்கு அவர் காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது. ஆனால் மனசு தன்னை அறியாமலே தற்காத்துக்கொள்கிறது என்பதும், சிறு வயதுப் பிரிவு குழந்தையை ஆழமாகப் பாதிக்கும் என்பதும் இன்றும் பயன்படும் பாடங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரசவமாகி இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமை, குழந்தை மேல் ஒட்டுதலே இல்லாமை என்று இருந்தால் அதை 'ஈகோ' என்றோ, சோம்பல் என்றோ யாரும் சொல்ல விடாதீர்கள். அது சிகிச்சையால் குணமாகக் கூடியது. டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கும் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு, சாயங்காலம் கணவர் வந்ததும் "நீங்க உங்க கோபத்தை இடம் மாத்தறீங்க" என்று ஆரம்பித்துவிடாதீர்கள்! இந்தக் கண்ணாடியை முதலில் நம் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வதே நல்லது.