பனி செதுக்கிய பள்ளத்தாக்கு

அட்லஸை எடுத்து ஐரோப்பா படத்தை விரியுங்கள். வடக்கே நார்வே நாடு இருக்கும். அதன் மேற்குக் கரையைப் பாருங்கள். எலி கடித்த துணி ஓரம் போல இருக்கிறதல்லவா? அந்த இடுக்குகளில் எல்லாம் கடல் நீர் நிற்கிறது. இருபுறமும் செங்குத்தான மலை; நடுவே ஒடுங்கிய கடல். இதற்கு 'ஃபியோர்டு' என்று பெயர்.

இவற்றில் மிக நீளமானது சோக்னே ஃபியோர்டு. கடலில் இருந்து நாட்டுக்குள்ளே 200 கிலோமீட்டருக்கும் மேல் நுழைந்திருக்கிறது! மிக ஆழமான இடத்தில் 1,300 மீட்டர் ஆழம். இவ்வளவு பெரிய பள்ளத்தை வெட்டியது யார் தெரியுமா? பனிக்கட்டி!

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு நார்வே முழுவதும் பனிப்போர்வைக்கு அடியில் கிடந்தது. போர்வை என்றால் மெல்லியதாக நினைத்துவிடாதீர்கள். சில இடங்களில் அதன் கனம் 2 கிலோமீட்டருக்கும் மேல். இத்தனை பாரம் ஓர் இடத்தில் சும்மா இருக்குமா? பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே கடலை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்தது. இப்படி நகரும் பனிக்குப் பனியாறு என்று பெயர்.

வெறும் பனி பாறையை அறுக்காது. ஆனால், பனியாற்றின் அடியில் கல்லும் மண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும். தச்சர் மரத்தை உப்புத்தாளால் தேய்ப்பாரே, அது போல அந்தக் கற்கள் பாறையைத் தேய்த்தன. வழியில் விரிசல் விட்ட பாறைகளைப் பனி பெயர்த்தும் எடுத்துக்கொண்டது. இந்த வேலை பல பனிக்காலங்களில், பல லட்சம் ஆண்டுகள் நடந்தது. அந்தக் கீறல்களை இன்றும் நார்வே பாறைகளில் பார்க்கலாம்.

மலையில் ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு, அடியில் குறுகி, மேலே விரிந்திருக்கும். பனியாறு வெட்டியதோ நம் 'ப' எழுத்து மாதிரி. அடி அகலம், இரு பக்கமும் நெட்டுக்குத்துச் சுவர்.

இன்னொரு வேடிக்கை. சோக்னே ஃபியோர்டின் உள்ளே 1,300 மீட்டர் ஆழம் என்றோமே, அதன் வாசலில் ஆழம் சுமார் 100 மீட்டர்தான்! கடலை நெருங்கியதும் பனி விரிந்து, மெலிந்துவிட்டது. அதனால் ஆழமாகத் தோண்ட முடியவில்லை.

பிறகு பூமி சூடாகத் தொடங்கியது. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு பனிக்காலம் முடிந்தது. பனி உருகிப் பின்வாங்க, காலியான பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்தது. பாரம் குறைந்ததும் அமுங்கிக் கிடந்த நிலமும் மெல்ல எழும்பத் தொடங்கியது. பக்கத்து நாடான சுவீடனின் சில கடற்கரைகள் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கின்றன.

பனி போனதில் ஓர் ஆபத்தும் வந்தது. அதுவரை அந்த நெட்டுக்குத்துச் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்து நின்றது பனிதான். முட்டு போனதும் பாறைகளில் விரிசல் விழுந்தது. விரிசலில் மழைநீர் இறங்கும். குளிரில் உறைந்து விரியும். பாறையை இன்னும் பிளக்கும்.

1934 ஏப்ரல் 7. தாஃபியோர்டு என்ற இடத்தில், ஊர் உறங்கும் அதிகாலை வேளையில் மலையின் ஒரு பகுதி சரிந்து நீரில் விழுந்தது. ஒடுங்கிய இடமல்லவா? தண்ணீர் எங்கே போகும்? 60 மீட்டருக்கும் மேல் அலை எழும்பியது. கரையோரக் கிராமங்களில் 40 பேர் இறந்தார்கள்.

இப்போது ஆபத்தான மலைகளை ரேடார் முதலிய கருவிகளால் இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். ரோம்ஸ்டால் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு பாறைக்கு 'வெஸ்லெமான்னென்' என்று பெயர். 'சின்ன ஆள்' என்று பொருள். இந்தச் சின்ன ஆள் படுத்திய பாடு இருக்கிறதே! 'விழப் போகிறது' என்று அடிவாரத்து மக்களை 2014 முதல் 16 முறை வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள். கடைசி முறை தவிர ஒவ்வொரு முறையும் அது விழாமல் நின்றது. 'புலி வருது' கதைதான்! தண்ணீரைப் பாய்ச்சித் தள்ளப் பார்த்தும் பலிக்கவில்லை. கடைசியில் 2019 செப்டம்பர் 5 இரவு தானாகவே விழுந்தது. 16-வது முறையும் சொல் கேட்டு மக்கள் வெளியேறியிருந்ததால், ஒருவருக்கும் காயமில்லை.

ஓக்கர்னேசெட் என்ற மலை இன்னும் விழவில்லை. அதன் விரிசல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் விரிகிறது. அது விழுந்தால், சுற்றுலாக் கப்பல்கள் வரும் கெய்ராங்கர் கிராமத்தையும் அலை தாக்கும். அதனால் கருவிகள் எச்சரித்ததும், மலை விழும் முன்பே சங்கு ஊதி ஊரைக் காலி செய்யத் தயாராக இருக்கிறார்கள்.