சுகாதாரத்தில் சமூகப் புத்தாக்கத் திறன்கள்: ஆத்தூர் வட்டார அனுபவம்

ஒரு சமூகத்தின் நலவாழ்வுச் சிக்கலுக்கு அச்சமூகத்தினரையும் சேர்த்துக்கொண்டு, அந்த ஊரின் நிலைமைக்குப் பொருந்தும் புதிய தீர்வைக் காண்பது சுகாதாரத்தில் சமூகப் புத்தாக்கம் எனப்படுகிறது. தீர்வு ஒரு கருவியாகவோ மருந்தாகவோ இருக்க வேண்டியதில்லை. பணியைப் பிரித்துக்கொள்ளும் முறை, வீடு தேடிச் செல்லும் நேரம், பதிவேடு எழுதும் விதம் ஆகியவையும் புத்தாக்கங்களே. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்து இயங்கும் டிடிஆர் திட்டம் 2014 முதல் இத்துறையை ஊக்குவித்து வருகிறது. பெயர் புதியது என்றாலும், இதற்கான திறன்களைக் கற்பிக்கும் முயற்சி திண்டுக்கல் மாவட்டத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துள்ளது.

காந்திகிராமத்தின் தொடக்கம்

காந்திகிராமம் திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சிறுமலையை ஒட்டிய சமவெளியில், அம்பாத்துரை தொடருந்து நிலையத்துக்கும் நெசவாளர் ஊரான சின்னாளபட்டிக்கும் அருகில் அமைந்துள்ளது. மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947 இல் இதைத் தொடங்கினர். சௌந்தரம் (1904–1984) தொழிலதிபர் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், அதன் பின்னர் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். சின்னாளபட்டியில் அவர் தொடங்கிய சிறிய மருத்துவ நிலையமே பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

நோயாளி வாசலுக்கு வரும்வரை காத்திருக்கும் மருத்துவமனையால் கிராமத்துத் தாய்மார்களைக் காப்பாற்ற முடியாது என்பது அங்கு விரைவில் தெளிவாயிற்று. 1959 இல் ஆத்தூர் ஊராட்சி ஒன்றியத்தில் முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கப்பட்டது. (இது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர், சேலம் மாவட்டத்து ஆத்தூர் வேறு.) இதற்கு அரசும் ஃபோர்டு அறக்கட்டளையும் உதவின. இத்திட்டத்தின் தொடர்ச்சியாக 1964 இல் உருவானதே இன்றைய காந்திகிராம ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனம்.

கற்பித்த முறை

ஆத்தூர்த் திட்டத்தில் ஆய்வு, சேவை, பயிற்சி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. மக்களின் கருத்துகளும் பழக்கங்களும் முதலில் ஆராயப்பட்டன. அதற்கேற்ப ஒரு பணிமுறை வகுக்கப்பட்டு, ஒன்றியத்துக்குள்ளேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. தேறியவை பயிற்சிக்கான பாடங்களாயின. ஊரில் யார் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்று கண்டறிந்து அவர்களைத் துணைக்கு அழைப்பதும் இம்முறையின் முக்கியப் பகுதி.

இதில் கற்றுக்கொள்ளக் கடினமானது கேள்வி கேட்கும் திறன்தான். "குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?" என்று கேட்டால் பெரும்பாலும் "போட்டாச்சு" என்றே பதில் வரும். "எங்கே போட்டீங்க, அன்னைக்கு ராத்திரி குழந்தை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், ஊசிக்குப் பின் வந்த காய்ச்சலும், அடுத்த ஊசி வேண்டாம் என்று மாமியார் சொன்னதும் வெளிவரும். அப்போதுதான் செவிலியர் பேச வேண்டியது யாரிடம் என்பதே தெரிகிறது. இதை வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. பயிற்சியாளர் கேட்பதை ஆசிரியர் உடனிருந்து கவனித்து, திரும்பும் வழியில் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுத்தது, ஊரின் நடைமுறையைக் கணக்கில் எடுக்கும் திறன். களையெடுப்புக் காலத்தில் காலை பத்து மணிக்குப் போனால் வீடுகள் பூட்டிக் கிடக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், கர்ப்பிணியின் பெயர் ஓரூர்ப் பதிவேட்டில் இருக்க, பேறு வேறோர் ஊரில் நடக்கும். இரத்த சோகை, உயர் இரத்த அழுத்தம் போன்ற முக்கியமான குறிப்புகள் இடையில் விடுபட்டுப்போவது இங்குதான். தாயின் உயிருக்கு ஆபத்தும் இங்குதான் கூடுகிறது. தமிழ்நாட்டில் இன்று வழங்கப்படும் பிக்மி எண், கர்ப்பிணி எங்குச் சென்றாலும் அவரது விவரங்களைத் தொடர உதவுகிறது. இத்தகைய இடைவெளியைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியரே. சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது வகுக்கப்பட்ட அளவு. அத்தனை குடும்பங்களின் போக்குவரத்தையும் அறிந்தவர் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

இச்செவிலியர்களுக்குக் கற்பிக்கப்போகும் ஆசிரியர்களுக்கும் காந்திகிராமத்தில் பயிற்சி அளிக்கப்படுகிறது. புத்தாக்கம் பரவுவதற்கு இந்த ஏற்பாடு விழாக்களையும் விருதுகளையும் விட அதிகம் உதவியிருக்கும் எனலாம்.

இலக்கும் திறனும்

ஆத்தூர்த் திட்டத்தின் முதன்மை நோக்கங்களுள் குடும்பநலமும் ஒன்று. தம்பதியரிடம் பொறுமையாகப் பேசி, அவர்களே முடிவெடுக்கும்படி செய்வது அங்குப் பயிற்றுவிக்கப்பட்ட வழி. ஆனால் 1960களின் நடுப்பகுதியிலிருந்து நாடு முழுவதும் ஊழியர்களுக்கு எண்ணிக்கை இலக்குகள் விதிக்கப்பட்டன. இத்தனை அறுவை சிகிச்சை என்று மாதந்தோறும் கணக்குக் காட்ட வேண்டியவருக்கு, ஒரு வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்க நேரம் கிடைப்பதில்லை. 1975–77 நெருக்கடி நிலையின்போது நாட்டின் பல பகுதிகளில், குறிப்பாக வடமாநிலங்களில், இது கட்டாயக் கருத்தடையாகவே மாறியது. அதன் பின் சுகாதார ஊழியர் மீது மக்களுக்கு ஏற்பட்ட அச்சம் எளிதில் நீங்கவில்லை. இலக்குமுறை 1996 இல்தான் கைவிடப்பட்டது. பயிற்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும், மேலதிகாரி கேட்கும் கணக்கு வேறாக இருந்தால் கற்ற திறன் பயன்படாமல் போகும் என்பதற்கு இது தெளிவான சான்று.

இன்றைய தொடர்ச்சி

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்வழியில் வந்த பெரிய முயற்சி. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, மாத்திரைகளைக் கொடுக்கின்றனர். கருவியைக் கையாளச் சில நாள்களில் கற்றுவிடலாம். அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்ட முதியவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும். கடிந்துகொண்டால், அடுத்த மாதம் அவர் மாத்திரைகளை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பிட்டதாகச் சொல்லிவிடுவார். "மிச்சம் எத்தனை மாத்திரை இருக்குங்கய்யா, கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, எண்ணிப் பார்ப்போம்" என்று இயல்பாகக் கேட்கத் தெரிந்த தன்னார்வலருக்கு, அவர் மாத்திரையை நிறுத்தியதன் காரணமும் சேர்ந்தே கிடைக்கும்.