125 சிசி பைக் 'எவ்ளோ குடுக்கும்?' கண்டுபிடிப்பது எப்படி?

"லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?"

125 சிசி பைக் வாங்க ஷோரூமுக்குப் போனால் முதல் கேள்வி இதுதான். பட்டென்று ஒரு நம்பரும் பதிலாக வரும். அரசு சான்றிதழில் உள்ள மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளை மீது சக்கரத்தை ஓடவிட்டு எடுக்கும் கணக்கு. அங்கே சிக்னலும் இல்லை, மேடு பள்ளமும் இல்லை.

தினமும் 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டுபவருக்கு 60 குடுக்கும் என்று நம்பிய வண்டி 50 தான் குடுத்தால், மாதம் 4 லிட்டர் பெட்ரோல் கூடுதல். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 400 ரூபாய் போச்சு!

டெஸ்ட் ரைடில் தெருமுனை வரை ஒரு ரவுண்டு அடித்தால் மைலேஜ் தெரியாது. வண்டியின் இழுவை தெரியும். லைசென்ஸ், ஹெல்மெட்டோடு போய், பின்னால் ஒருவரை உட்கார வைத்து மேம்பாலம் ஏறிப் பார்க்க வேண்டும். வண்டி திணறுதா? அடிக்கடி கியரைக் குறைத்து முறுக்க வேண்டியிருக்கா? அப்படியென்றால் பெட்ரோலை குடிக்கும்.

மைலேஜுக்கு வேறு வழி. அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் சொல்லி டேங்கை ஃபுல் பண்ணி, மீட்டரை குறித்து வைக்கணும். 200 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஃபுல். ஓடிய தூரத்தை, இரண்டாவதாக போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மை வெளியே வந்துடும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலில் சக்தி குறைவு. அதனால் பழைய மைலேஜ் கணக்கை நம்பாமல், புதுசா போட்டுப் பார்ப்பதே நல்லது.