சார்ஜ் ஷீட் வந்த அன்றே தொடங்கும் வழக்கு

1985 ஜூனில் கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வீட்டில் போலீஸ் சோதனை நடந்தது. 4.5 கிராம் தங்க உருண்டையும், தங்கத்துகள் கலந்த ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மணலும் சிக்கியதாகச் சொன்னார்கள். ஒருபக்கம் குற்ற வழக்கு, மறுபக்கம் நிர்வாகத்தின் உள்விசாரணை. அவரை சஸ்பெண்ட் செய்த நிர்வாகம், அந்தக் காலத்துக்குத் தரவேண்டிய பிழைப்பூதியத்தைத் தரவில்லை. கையில் காசில்லாமல் கேரளத்தில் சொந்த ஊரில் இருந்தவரால் விசாரணைக்கு வர இயலவில்லை. விசாரணை ஒருதரப்பாகவே முடிந்தது. 1986 ஜூனில் டிஸ்மிஸ்.

அடுத்த ஆண்டே குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் நிர்வாகம் வேலையைத் திருப்பித் தரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1999 மார்ச்சில்தான் தீர்ப்பு வந்தது. மீண்டும் வேலை, சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து முழுச் சம்பளம். இரண்டு காரணங்களை நீதிபதிகள் அழுத்திச் சொன்னார்கள். பிழைப்பூதியம் கொடுக்காமல் ஒருவரைப் பட்டினி போட்டுவிட்டு நடத்துவது விசாரணை ஆகாது. குற்ற வழக்குக்கும் உள்விசாரணைக்கும் ஒரே சாட்சிகள், ஒரே சம்பவம். அந்தச் சோதனையே நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னபிறகு டிஸ்மிஸ் மட்டும் நிற்க முடியாது.

இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, “கோர்ட்டில் விடுதலையானால் வேலை தானாக வந்துவிடும்” என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். உள்விசாரணையிலோ எந்தப் பக்கம் நம்பத்தகுந்தது என்று பார்த்தாலே போதும். ஆகவே வேலையைக் காப்பாற்றும் போராட்டம் டிஸ்மிஸ் உத்தரவுக்குப் பிறகு நீதிமன்றப் படியேறும்போது தொடங்குவதல்ல. நிர்வாகத்தின் சார்ஜ் ஷீட் கைக்கு வந்த அன்றே தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில் எழுதப்படும் ஒவ்வொரு காகிதமும் பின்னால் நீதிமன்றத்தின் முன் வந்து நிற்கும்.

ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவருக்கு இப்படியொரு மெமோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “நீங்கள் பலமுறை மேலதிகாரிகளிடம் மரியாதைக் குறைவாக நடந்துள்ளீர்கள். 48 மணி நேரத்தில் விளக்கம் தரவும்.” எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த மேலதிகாரி, என்ன சொன்னார் என்று எதுவும் இல்லை. பயந்துபோன தொழிலாளி, சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தபடி, “தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்” என்று எழுதிக் கொடுக்கிறார். இந்த ஒற்றை வரி போதும், பிறகு விசாரணையே தேவையில்லை, அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று வாதிட. மெமோவை வாங்க மறுப்பதும் இதே அளவு ஆபத்து. வாங்கிக்கொண்டு, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, “குற்றச்சாட்டை மறுக்கிறேன், விவரங்களும் ஆவண நகல்களும் கிடைத்தபின் முழு விளக்கம் தருகிறேன்” என்று உரிய நேரத்துக்குள் எழுதிக் கொடுப்பதே நல்லது. கொடுத்ததற்கு நகலில் முத்திரை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

உள்விசாரணை எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு 1963-இல் உச்ச நீதிமன்றம் பார்த்த மீங்ளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கு இன்றும் எடுத்துக்காட்டு. மேற்கு வங்காளத்திலுள்ள அந்தத் தோட்டத்தில் நிர்வாகிகளைத் தாக்கியதாகத் தொழிலாளர்கள்மீது குற்றச்சாட்டு. விசாரணை நடத்தியவர்கள் அந்தச் சம்பவத்தில் சம்பந்தப்பட்ட நிர்வாகிகளே. ஒரு சாட்சியைக்கூடத் தொழிலாளர்கள் முன்னிலையில் விசாரிக்கவில்லை. அவர்களையே குறுக்குக்கேள்வி கேட்டு முடித்துவிட்டார்கள். இது விசாரணையே அல்ல என்றது நீதிமன்றம்.

சாட்சிகள் தொழிலாளியின் கண்முன் பேச வேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும், தன் பக்கச் சாட்சிகளைக் கொண்டுவரவும் அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். விசாரணை அதிகாரியின் அறிக்கையை அவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டபிறகே தண்டனை பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பது 1993-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்த விதி. வக்கீல் வைத்துக்கொள்ளப் பொதுவாக அனுமதி கிடைக்காது; சக தொழிலாளியோ சங்கப் பிரதிநிதியோ துணைக்கு வரலாம். நிர்வாகத்தின் சார்பில் சட்டம் படித்தவர் வந்து உட்கார்ந்தால், தனக்கும் வக்கீல் வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம்.

விசாரணை அறையில் மிகவும் கவனிக்க வேண்டியது பக்கத்துக்குப் பக்கம் வாங்கப்படும் கையெழுத்து. சொன்னது ஒன்றாகவும் எழுதியது வேறாகவும் இருந்தால், அந்தப் பக்கத்திலேயே “நான் இப்படிச் சொல்லவில்லை” என்று எழுதிவிட்டுக் கையெழுத்திட வேண்டும். கேட்ட ஆவணத்தைத் தர மறுத்தால் அந்த மறுப்பும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும். கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தால் விசாரணை எக்ஸ்பார்ட்டி ஆகும், நட்டம் தொழிலாளிக்கு.

சஸ்பென்ஷன் காலத்துப் பிழைப்பூதியத்துக்குத் தமிழ்நாட்டில் 1981 முதல் தனிச் சட்டமே உண்டு. முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்து 180 நாட்கள் வரை 75 சதவீதம், அதற்கு மேல் முழுமையாக.

மென்பொருள் நிறுவனங்களில் வேறு விதமாக நடக்கிறது. எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, “நீங்களாக ராஜினாமா செய்தால் நல்ல சான்றிதழ் தருகிறோம், இல்லாவிட்டால் டெர்மினேஷன்” என்பார்கள். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் அது பணிநீக்கமே அல்ல என்று நிர்வாகம் சொல்லும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊழியர் தலையில் விழும். வேறு வழியின்றிக் கையெழுத்திட்டவர்கள் அன்றைக்கே, அறையை விட்டு வெளியே வந்தவுடன், நடந்ததை விவரித்து மின்னஞ்சல் அனுப்பியாக வேண்டும். ஒரு மாதம் கழித்து அனுப்பினால் அதை நம்புவோர் குறைவு.

டிஸ்மிஸ் ஆகிவிட்டால் என்ன வழி? 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது. தனி ஒரு தொழிலாளியின் பணிநீக்கத்தையும் தொழில் தகராறாகக் கருதும் பழைய ஏற்பாடு, தொழிற்சங்கத்தார் “2ஏ” என்று சொல்வது, இதிலும் தொடர்கிறது. ஆனால் காலக்கெடு சுருங்கிவிட்டது. முன்பு 3 ஆண்டுகள். இப்போது தகராறு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளைத் தாண்டினால் சமரச அலுவலர் அதைக் கையில் எடுக்க முடியாது. பேச்சு முறிந்து அவருடைய அறிக்கை வந்தால் 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். வங்கி, காப்பீடு, துறைமுகம் போன்றவற்றுக்கு மத்திய அரசின் சமரச அலுவலரிடமும், மற்றவற்றுக்கு மாநிலத் தொழிலாளர் துறையிடமும் போக வேண்டும்.

மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் இந்தச் சட்டத்தின்படி தொழிலாளி ஆகமாட்டார். பதவியின் பெயர் மேனேஜர் என்றிருப்பதால் மட்டும் ஒதுங்கிவிட வேண்டாம். உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். கடை, அலுவலக ஊழியர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இன்னொரு கதவு. 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்க முடியாது. அதற்கான மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள்தான் அவகாசம். பலர் இதைத் தவறவிட்டபிறகே விசாரிக்கிறார்கள்.

“என்கொயரியே சரியாக நடக்கவில்லை, ஜெயித்துவிட்டோம்” என்று நினைப்பதும் தவறு. உள்விசாரணை கோளாறானது என்று முடிவானாலும், குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே புதிதாக நிரூபிக்க நிர்வாகம் அனுமதி கேட்கலாம். எல்லாக் குறையும் விசாரணையைக் கவிழ்த்துவிடாது: 1977-இல் ஹரியானா பஸ் கண்டக்டர் வழக்கில், பயணிகளைச் சாட்சியாக அழைக்கவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. பறக்கும் படை ஆய்வாளரின் சாட்சியமே போதும் என்றது உச்ச நீதிமன்றம்.

மறுபுறம், குற்றம் நிரூபணமானாலும் டிஸ்மிஸ் அதிகப்படியானது என்று தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1982-இல், 14 ஆண்டுகள் களங்கமின்றி வேலை செய்தவர் ஒருமுறை வாய் தவறியதற்காக வேலையைப் பறித்தது அநியாயம் என்று சொல்லி, இரண்டு ஊதிய உயர்வுகளை நிறுத்துவதோடு முடித்தது உச்ச நீதிமன்றம். 2005-இல் மகிந்திரா வழக்கில் மேலதிகாரியை மிகக் கேவலமாகத் திட்டியவருக்கு அதே நீதிமன்றம் இரக்கம் காட்டவில்லை. ஆகையால் பழைய பாராட்டுக் கடிதம், வருகைப் பதிவு, தண்டனையில்லாத பணிக்காலம் ஆகியவற்றை எடுத்துவைப்பது வீண்வேலை அல்ல.

வெளியே இருந்த காலத்துக்குப் பின்சம்பளம் கேட்பவர், தனக்கு வேறு வருமானம் இல்லை என்று மனுவிலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், வருமானம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது நிர்வாகம். 2013-இல் ஓர் ஆசிரியையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது.

ஆண்டுக்கணக்கில் வழக்காட முடியாதவர்களுக்குச் சமரசப் பேச்சில் கிடைப்பதும் சிறிதல்ல. “டிஸ்மிஸ்” என்பதை விலகலாக மாற்றுவது, பணிச் சான்றிதழ், ஒரு தொகை என ஒப்பந்தம் போடலாம். எப்படியும் வருங்கால வைப்பு நிதியைத் தொட நிர்வாகத்துக்கு உரிமையில்லை. பணிக்கொடையையும் சட்டம் சொல்லும் சில காரணங்களுக்காக மட்டுமே பிடிக்கலாம். பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

வழக்குச் செலவை நினைத்துத்தான் நிறையப் பேர் பின்வாங்குகிறார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தொழிற்சாலைத் தொழிலாளியை, வருமான வரம்பு பார்க்காமல், இலவச வக்கீல் பெறத் தகுதியானவர் பட்டியலில் வைத்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.