தாலுகா ஆபீஸ் ஊழியருக்கு இருக்கும் பாதுகாப்பு பேரூராட்சி ஊழியருக்கு இல்லையா? அரசியல் சட்டம் 311-வது பிரிவு சொல்வது என்ன? | விளக்கம்

குறிஞ்சிப்பாடியில் தாலுகா ஆபீஸும் இருக்கிறது, பேரூராட்சி அலுவலகமும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் வேலை பார்ப்பவர்களை ஊரில் எல்லோரும் 'கவர்ன்மென்ட் வேலைக்காரங்க' என்றுதான் சொல்வார்கள். சம்பளம், பென்ஷன், லீவு என்று பார்த்தாலும் பெரிய வித்தியாசம் கண்ணில் படாது. ஆனால் வேலையை விட்டு நீக்கும் நிலை வந்தால் இருவருக்கும் சட்டம் ஒன்றல்ல. ஒருவருக்கு அரசியல் சட்டமே நேரடியாகக் காவல் நிற்கிறது. மற்றவருக்கு விதிகள் மட்டுமே துணை. அதே பேரூராட்சியில் காண்டிராக்டரிடம் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளருக்கோ அந்த விதிகளும் கிடையாது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நகர உள்ளாட்சி ஊழியர்களுக்கும் அரசு ஊழியர் பாதுகாப்பைக் கொடுக்க முடியுமா? பார்க்கலாம்.

311-வது பிரிவு என்றால் என்ன?

இந்திய அரசியல் சட்டத்தின் 310-வது பிரிவுப்படி, மாநில அரசு ஊழியர் ஆளுநர் விரும்பும் வரை பணியில் இருக்கலாம். இதை மட்டும் படித்தால், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது போல இருக்கும். அதற்குப் போட்ட கடிவாளம்தான் 311. பிரிட்டிஷ் காலத்து 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 240-வது பிரிவிலேயே இது இருந்தது.

311 சொல்வது இரண்டே விஷயம்தான்:

• வேலைக்கு நியமித்த அதிகாரியைவிடக் கீழ்நிலையில் உள்ளவர் ஊழியரை டிஸ்மிஸ் செய்ய முடியாது.
• என்ன குற்றச்சாட்டு என்று தெரிவித்து, விசாரணை நடத்தி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் டிஸ்மிஸ் செய்யவோ, நீக்கவோ, பதவி இறக்கவோ முடியும்.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் '17பி கொடுத்துட்டாங்க' என்று பேசுவது இதன் நடைமுறை வடிவம்தான். தமிழ்நாடு குடிமுறைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு) விதிகளில் பெரிய தண்டனைக்கான நடைமுறை 17பி விதியில் இருக்கிறது.

விதிவிலக்கும் உண்டு. கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றிருந்தாலோ, விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று காரணத்தை எழுதி வைத்தாலோ, நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டிருந்தாலோ விசாரணை இல்லாமலே நீக்கலாம். 1985-ம் ஆண்டு துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

சரி, பேரூராட்சி ஊழியருக்கு ஏன் பொருந்தாது?

காரணம் ஒரே ஒரு சொற்றொடர். மத்திய, மாநில அரசின் 'சிவில் பணி'யில் இருப்பவர் அல்லது அந்த அரசின் கீழ் 'சிவில் பதவி' வகிப்பவர், இவர்களுக்கு மட்டும்தான் 311 பொருந்தும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாம் சட்டத்தால் உருவான தனி அமைப்புகள். அவற்றின் ஊழியருக்கு முதலாளி அந்த உள்ளாட்சி அமைப்பு. மாநில அரசு அல்ல.

பக்கத்தில் இருக்கும் நெய்வேலியை எடுத்துக்கொண்டாலும் கதை இதுதான். என்எல்சி மத்திய அரசு நிறுவனம். ஆனால் அதன் நிரந்தர ஊழியருக்கும் 311 கிடையாது. பொதுத்துறை நிறுவன ஊழியர் சிவில் பதவி வகிப்பவர் அல்ல என்று இந்துஸ்தான் ஸ்டீல் நிறுவன வழக்கில் 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு பதவி 'சிவில் பதவி'யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1966-ம் ஆண்டு அசாமைச் சேர்ந்த கனக் சந்திர தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் கொடுத்தது. ஆளைத் தேர்வு செய்வது யார், நியமிப்பது யார், சஸ்பெண்ட் செய்து டிஸ்மிஸ் செய்யும் அதிகாரம் யாரிடம், வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்துவது யார், சம்பளம் தருவது யார்? இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்குமோ சிலவற்றுக்கோ பதில் மாநில அரசை நோக்கிப் போனால், மற்ற சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்த்து, அது சிவில் பதவி என்று முடிவு செய்யலாம்.

அதனால்தான் மாநகராட்சி ஆணையராக வரும் ஐஏஎஸ் அதிகாரிக்கு 311 பாதுகாப்பு இருக்கிறது. அவருக்குக் கீழே, மாநகராட்சியே நியமித்த ஊழியருக்கு இல்லை.

குஜராத்தில் நடந்தது என்ன?

உள்ளாட்சி ஊழியர்கள் அரசு ஊழியர் என்ற அந்தஸ்தை வென்ற வழக்கும் உண்டு. குஜராத்தில் 1961-ம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டம் வந்தபோது, சில நகராட்சிகள் பஞ்சாயத்துகளாக மாற்றப்பட்டன. அங்கே வேலை பார்த்தவர்கள், மாநிலம் முழுக்க ஒன்றாக உருவாக்கப்பட்ட 'பஞ்சாயத்துப் பணி'க்குள் வந்தார்கள். 'நாங்களும் அரசு ஊழியர்கள்தான்' என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்ததும், 1978-ல் மாநில அரசு முன் தேதியிட்டு சட்டத்தைத் திருத்தி அந்த அந்தஸ்தைப் பறித்தது.

1983-ல் ராமன் லால் கேசவ் லால் சோனி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. பஞ்சாயத்துப் பணியில் இருப்பவர்கள் அரசு ஊழியர்களே என்றும், கிடைத்துவிட்ட உரிமையைப் பின்னோக்கிப் போய்ப் பறிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து தெரிவது இதுதான். 311-ஐத் திருத்தாமலே உள்ளாட்சி ஊழியர்களை அதன் குடைக்குள் கொண்டு வர முடியும். மாநில சட்டமன்றம் அந்தப் பணியை மாநில அரசுப் பணியாக அமைத்தால் போதும்.

தமிழ்நாட்டில் இப்போது என்ன நிலை?

'311 இல்லை' என்றால் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தமல்ல. நிரந்தர ஊழியருக்கு மூன்று வளையங்கள் இருக்கின்றன.

முதலாவது, விதிகள். நகராட்சி ஊழியர்களுக்கென்றே 1970-ல் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் வந்தன. குற்றச்சாட்டு மெமோ, விளக்கம், விசாரணை, அப்பீல் என்று அரசு ஊழியர் விதிகளை ஒட்டியே அவை அமைந்தன. 2023 ஏப்ரல் 13 முதல் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் பொதுவாக 1998-ம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் குறிஞ்சிப்பாடி பேரூராட்சியும் இப்போது ஒரே சட்டத்தின் கீழ்தான்.

இரண்டாவது, அடிப்படை உரிமைகள். அரசியல் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி உள்ளாட்சி அமைப்பும் 'அரசு'தான். ஆகவே சமத்துவம் பற்றிய 14, 16-வது பிரிவுகள் அதையும் கட்டுப்படுத்தும். டெல்லி போக்குவரத்துக் கழகத்தில், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து காரணமே சொல்லாமல் நிரந்தர ஊழியரை நீக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. 1990-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தூக்கி எறிந்தது. சட்டப்படி உருவான அமைப்பு தன் விதியை மீறி ஊழியரை நீக்கினால், அவர் வேலையைத் திரும்பக் கேட்கலாம் என்று 1975-ம் ஆண்டு சுக்தேவ் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

மூன்றாவது, தொழிலாளர் சட்டம். நாக்பூர் மாநகராட்சி வழக்கில், துப்புரவு உள்ளிட்ட பல மாநகராட்சித் துறைகள் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படி வரும் தொழிலாளர் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகவும் தர வேண்டும். 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

அப்போ 311 எதற்கு? விதிகள் போதாதா?

விதியை அரசு ஒரு அரசாணையில் மாற்றிவிடலாம். சட்டத்தைச் சட்டமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். 311-ஐ மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் அரசியல் சட்டத் திருத்தமே கொண்டு வர வேண்டும். முக்கிய வித்தியாசம் இதுதான்.

உள்ளாட்சியில் இது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. சின்ன ஊரில் தலைவர், கவுன்சிலர், ஊழியர் எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். வரி பாக்கி யாருக்கு, விதிமீறிய கட்டடம் யாருடையது என்று எழுத வேண்டியவர் அந்த ஊழியர்தான். எழுதினால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால், பாதிக்கப்படுவது ஊர்மக்கள்.

அதற்காக 311-ஐ இரும்புக் கோட்டை என்றும் நினைத்துவிட முடியாது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 2 லட்சம் அரசு ஊழியர்கள், ஆசிரியர்களைத் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து கூண்டோடு டிஸ்மிஸ் செய்தது. டி.கே.ரங்கராஜன் வழக்கில் 2003 ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்றது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெரும்பாலானோர் மீண்டும் வேலைக்குச் சேர முடிந்தது.

உண்மையான இடைவெளி எங்கே?

மேலே சொன்ன முதல் வளையம் நிரந்தர ஊழியருக்கு மட்டும்தான். அதிகாலையில் தெருவைக் கூட்டி, வீடு வீடாகக் குப்பை வாங்கும் பலர் இன்று நிரந்தர ஊழியர்கள் அல்ல. தினக்கூலி, சுய உதவிக் குழு, அவுட்சோர்சிங் கம்பெனி என்று வெவ்வேறு பெயர்களில் வேலை பார்க்கிறார்கள். இவர்களை நீக்க மெமோவும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று ஒரு மேஸ்திரி சொன்னால் நடைமுறையில் வேலை முடிந்தது.

2022 அக்டோபரில் மாநகராட்சிப் பணியிடங்களை மாற்றியமைத்து அரசாணை 152 வந்தது. அடிமட்டப் பணிகளை அவுட்சோர்சிங்குக்கு விட இது வழி திறந்துவிட்டது என்று தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன.

2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் போராடியதும் இதே பிரச்சினைக்காகத்தான். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினர். மறுநாள் காலை உணவு, காப்பீடு உள்ளிட்ட நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. பணி நிரந்தரம் அந்த அறிவிப்பில் இல்லை.

நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன?

இதில் மூன்று தீர்ப்புகள் முக்கியம்.

• 2001, ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கு: காண்டிராக்ட் முறையைத் தடை செய்தாலே தொழிலாளர்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள்.
• 2006, உமாதேவி வழக்கு: முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்கள் நிரந்தரம் கேட்பதை உரிமையாகக் கோர முடியாது. ஆனால் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், தகுதியுடன், 10 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர்களை ஒரே ஒரு முறை பரிசீலிக்கலாம்.
• 2025 ஜனவரி 31, காசியாபாத் மாநகராட்சி வழக்கு: தோட்டப் பணியாளர்களை 2005-ல் நோட்டீஸ், இழப்பீடு எதுவும் இல்லாமல் நீக்கியது சட்டவிரோதம். 50 சதவீத சம்பள பாக்கியுடன் மீண்டும் வேலை தர வேண்டும். நிரந்தரமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு ஆண்டுக்கணக்கில் தற்காலிக ஆட்களை வைத்துச் சுரண்ட உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக்கக் கூடாது.

பாதுகாப்பை விரிவாக்க என்ன வழி?

ஒன்று, குஜராத் மாதிரி உள்ளாட்சிப் பணியை மாநிலப் பணியாகவே அமைப்பது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊழியர் முழுக்க மாநில அரசின் கீழ் போய்விட்டால், மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு அவர் மீது என்ன கட்டுப்பாடு இருக்கும்? உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுக்கத்தான் 1993 ஜூன் 1-ல் 74-வது திருத்தம் அமலுக்கு வந்தது. ஊழியர் பாதுகாப்பும் உள்ளாட்சி அதிகாரமும் மோதும் இடம் இது.

இரண்டு, 321-வது பிரிவு. மாநில தேர்வாணையத்தின் பணிகளை உள்ளாட்சி அமைப்புகளுக்கும் நீட்டிக்கச் சட்டமன்றத்துக்கு இந்தப் பிரிவு நேரடியாக அதிகாரம் தருகிறது. தேர்வு முறையாக நடந்தால், பின்னாளில் 'நீ முறைப்படி வரவில்லை' என்று சொல்லி நீக்க முடியாது.

மூன்று, நேரடியாக நிரந்தரம் செய்வது. கர்நாடகத்தில் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2025 மே 1 தொழிலாளர் தினத்தன்று பெங்களூரு மாநகராட்சியின் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூய்மைப் பணியாளர்களுக்குப் பணி நியமன ஆணை கொடுத்தார்கள்.

செலவு கூடும் என்பது அரசுத் தரப்பில் சொல்லப்படும் வாதம். வரி வருமானம் குறைவான பேரூராட்சிகளுக்கு அது சின்ன விஷயமும் அல்ல. ஆனால் குப்பை அள்ளும் வேலை ஒரு வருடத்தில் முடிந்துபோகும் வேலை இல்லை. வேலை நிரந்தரம், ஆள் மட்டும் தற்காலிகம் என்பதைத்தான் நீதிமன்றங்களும் இப்போது கேள்வி கேட்கின்றன.

நீங்கள் உள்ளாட்சி ஊழியரா? இதைப் பாருங்கள்

• நியமன ஆணையில் கையெழுத்துப் போட்டது யார், எந்த விதியின் கீழ் என்று பாருங்கள். உங்களை நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பது அதில்தான் தெரியும்.
• காண்டிராக்ட் தொழிலாளர் என்றால் அடையாள அட்டை, வருகைப் பதிவு, சம்பளம் ஏறிய வங்கிப் பதிவு, பிஎஃப் எண் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். காசியாபாத் மாதிரியான வழக்குகளில், எத்தனை நாள் யாருக்காக வேலை பார்த்தோம் என்று காட்டுவதுதான் முதல் படி.
• மெமோ வந்தால் கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது ஃபைலில் இருக்காது.
• நிரந்தர ஊழியரை விசாரணை இல்லாமல் நீக்கினால் முதலில் மேல்முறையீடு, அடுத்து உயர் நீதிமன்றம். தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்கள் தொழிலாளர் துறை சமரச அதிகாரியையும் அணுகலாம்.